தோற்றுப் பார்க்க ஒரு மேடை

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. 48 இழுப்பறைகள். உள்ளே 52,000-க்கும் அதிகமான அட்டைகள், ஒவ்வோர் அட்டையிலும் தட்டச்சில் அடித்த ஒரு ஜோக். தலைப்புவாரியாகப் பிரித்து அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஃபிலிஸ் டில்லர் என்ற ஒரு நகைச்சுவைக் கலைஞரின் வாழ்நாள் உழைப்பு அது. 2003-ல் அவரே அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2017-ல் தன்னார்வலர்கள் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் ஏற்றினார்கள்.

1955 மார்ச் 7-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற சிறிய இரவு விடுதியில் டில்லர் மேடை ஏறியபோது அவருக்கு வயது 37. ஐந்து பிள்ளைகளின் தாய். வானொலி நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு வாரத்துக்கென்று அமர்த்தப்பட்டவர் 89 வாரங்கள் அங்கேயே நின்றார். கலைந்த தலைமுடி, ஒவ்வாத உடை, 'ஃபேங்' என்று பெயரிட்ட ஒரு கற்பனைக் கணவன். பின்னாளில் உலகம் பார்த்த அந்த டில்லரை அவர் வீட்டுக் கண்ணாடி முன் நின்று உருவாக்கிவிடவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு மௌனமாக இருக்கிறார்கள் என்று இரவுக்கு இரவு பார்த்துப் பார்த்து உருவாக்கினார்.

நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது 'பிறவிக் குசும்பு', 'நாக்குல சனி' என்று சொல்லி நாம் முடித்துவிடுகிறோம். அந்த அலமாரி வேறு கதை சொல்கிறது. மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் என்பது கற்றுக்கொள்ளும் தொழில். ஆனால், தெரியாத மனிதர்களின் முன்னால் நின்று தோற்றால்தான் அதைக் கற்க முடியும். பாடகர் வீட்டில் சாதகம் செய்யலாம். நடிகர் ஒத்திகை பார்க்கலாம். ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு ஒத்திகையே கிடையாது. அவருடைய வாத்தியம் டிக்கெட் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்தக் கலைக்கு எல்லாவற்றுக்கும் முதலாக வேண்டியது, தோற்றுப் பார்க்க ஒரு சின்ன மேடை. இந்தக் கலையின் எழுபது ஆண்டுக் கதையில் பெரிய சண்டைகளும் பெரிய துயரங்களும் அந்தச் சின்ன மேடையைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

ஐந்து நிமிடச் சரக்கு

முதலில் தொழிலைப் பார்ப்போம். புதிதாக வருகிறவர் ஏறுவது 'ஓப்பன் மைக்'. பெயர் கொடுத்தால் நான்கைந்து நிமிடம் கிடைக்கும். நேரம் முடியப்போகிறது என்றால் பின்வரிசையிலிருந்து விளக்கு காட்டுவார்கள். அதற்குள் முடித்து இறங்க வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் சக கலைஞர்கள். அவர்கள் எளிதில் சிரிக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தை மாதக்கணக்கில் செதுக்கி, எந்த ஊரில் சொன்னாலும் நிற்கும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பத்து நிமிடம், அப்புறம் இருபது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு முழுதாகச் சரக்கு சேர ஆண்டுகள் ஆகும்.

செதுக்குவது என்றால் என்ன? ஓர் உதாரணம் சொல்கிறேன். 'எங்க அப்பா பக்கத்து ரூம்ல இருந்துகிட்டே தினமும் காலையில எனக்கு வாட்ஸ்அப்ல குட் மார்னிங் அனுப்புறாரு.' விஷயம் வேடிக்கையானதுதான், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். வியப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதன் பிறகு வருவதெல்லாம் சுமை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில குட் மார்னிங் அனுப்புறாரு.' ஒரு நிறுத்தம். 'பக்கத்து ரூம்ல இருந்து.'

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிரிப்பு வெடிக்க வேண்டிய சொல்லுக்குப் பின்னால் 'அனுப்புறாரு' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சொல் முடியட்டும் என்று கூட்டம் காத்திருக்கும்; சிரிப்பு அந்த இடைவெளியில் செத்துவிடும். எனவே தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்கிறவர் வாக்கியத்தை உடைக்கிறார், வினையை முன்னால் தள்ளி முடித்துவிட்டு, வெடியை மட்டும் தனியாகக் கடைசியில் வைக்கிறார். நம் ஊர்த் திண்ணையில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவர்களும் இதைத்தான் செய்வார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

அடுத்தது 'டேக்'. முதல் சிரிப்பு அடங்குவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று. 'நான் பார்க்கலைன்னா வந்து கதவைத் தட்டுறாரு, ப்ளூ டிக் வரலையேன்னு.' புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டிய வீட்டில் ஒரு மாடி எழுப்புகிறார், அவ்வளவுதான். பிறகு கலைஞர் வேறு விஷயங்களுக்குப் போய்விடுவார். இருபது நிமிடம் கழித்து, ஒரு பெண்ணிடம் காதலைச் சொன்ன கதை வரும். அவள் ஒன்றுமே பேசாமல் நிற்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா கேட்கிறார்: 'ப்ளூ டிக் வந்துச்சாடா?' இதற்குக் 'கால்பேக்' என்று பெயர். அரங்கில் மிகப் பெரிய சிரிப்பு பெரும்பாலும் இதற்குத்தான் விழும். தாங்களும் கலைஞரும் மட்டுமே அறிந்த ஒரு ரகசியம் மீண்டும் வந்துவிட்ட மகிழ்ச்சி அது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒருவரையொருவர் அறியாத நூறு பேர் அந்தக் கணத்தில் ஒரு குடும்பம் ஆகிவிடுகிறார்கள். இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது அந்த இடத்தைத்தான்.

நிறுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரிப்பு ஏறும்போது பேசினால் கலைஞரே அதை அமுக்கிவிடுவார். முழுதாக அடங்கும்வரை காத்திருந்தால் அரங்கு குளிர்ந்துவிடும். இறங்கத் தொடங்கியதும் அடுத்த வரியைத் தொட வேண்டும். அந்த நொடி ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் இடத்தில் வரும். தாழ்ந்த கூரை, நெருக்கமான நாற்காலி, இருட்டில் பார்வையாளர் என்று இருந்தால் சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். முன்வரிசை காலியாகக் கிடந்தால் எவ்வளவு பெரிய கலைஞருக்கும் திண்டாட்டம்தான். நியூயார்க்கின் மெக்டூகல் தெருவில் 1982 முதல் இயங்கும் 'காமெடி செல்லர்' ஒரு நிலவறை. உலகப் புகழ் பெற்றவர்கள்கூட இன்னும் அங்கே வந்து புதுச் சரக்கைச் சோதிக்கிறார்கள்.

எரிந்துபோகும் செல்வம்

இளையராஜா மேடைக்கு மேடை அதே பாட்டைப் பாடினால்தான் ரசிகருக்கு நிறைவு. ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு ஜோக்கின் உயிர் அதன் வியப்பில் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஒருமுறை ஒளிபரப்பானதும் அது செலவாகிவிட்டது. அமெரிக்கக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு 14 தனி நிகழ்ச்சிகள் தந்தார். ஒன்றை முடித்ததும் அடுத்ததைப் புதிதாக எழுதத் தொடங்க வேண்டும். கடைசி நிகழ்ச்சி வெளிவந்த 2008-லேயே, 71 வயதில் காலமானார்.

ஜெர்ரி சைன்ஃபெல்ட் செய்தது இன்னும் துணிச்சலானது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய நகைச்சுவைத் தொடரை முடித்த கையோடு, 1998-ல் தன் பழைய ஜோக்குகள் அனைத்தையும் கடைசி முறையாக ஒரு நிகழ்ச்சியில் சொல்லிவிட்டு அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார். பின்பு சிறிய கிளப்புகளில் வெறுங்கையோடு ஏறினார். அந்த நாட்களைப் படமாக்கிய 'காமெடியன்' என்ற ஆவணப்படம் 2002-ல் வந்தது. அதில் அவர் மேடை நடுவில் அடுத்த வரி மறந்து தடுமாறி நிற்கிறார். கோடிகளில் சம்பாதித்தவர், வீதிக்கு வீதி அறிந்த முகம். ஆனால் புதுச் சரக்கு சரியில்லை என்றால் கூட்டம் அவருக்கும் அமைதியைத்தான் தரும். பழைய புகழுக்கு முதல் சில நிமிடங்கள்தான் மதிப்பு. ஒரு தின்பண்டத்தைப் பற்றிய ஒரே ஒரு பகுதியை எழுத இரண்டு ஆண்டுகள் உழைத்ததாக, மஞ்சள் தாளில் பேனாவால் அடித்துத் திருத்திய பக்கங்களைக் காட்டி அவர் விளக்கியிருக்கிறார்.

நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 2014-ல், 81 வயதில் இறக்கும்வரை வேலை செய்தவர். அவருடைய வீட்டிலும் ஜோக் அட்டைகள் நிறைந்த இழுப்பறைகள் இருந்தன. 2010-ல் வந்த ஆவணப்படத்தில் தன் நாட்குறிப்பின் வெற்றுப் பக்கங்களைக் காட்டி, தனக்குப் பயம் என்றால் இதுதான் என்கிறார். வேலை இல்லாத தேதி கண்டு நடுங்கும் அந்தப் பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. மாதச் சம்பளம், விடுப்பு, சேமநிதி எதுவும் இல்லாத வாழ்க்கை. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாலையும் வார இறுதியும்தான் இவர்களுக்கு வேலை நேரம்.

தன்னையே சொன்னவர்

ரிச்சர்ட் பிரையர் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊரில், பாட்டி நடத்திய பாலியல் விடுதியில் வளர்ந்த கறுப்பினச் சிறுவன். ஆரம்பத்தில் யார் மனமும் நோகாத மாதிரியான ஜோக்குகளைச் சொல்லி நன்றாகச் சம்பாதித்தார். 1967-ல் லாஸ் வேகாஸ் மேடையில் நின்றுகொண்டிருந்தவர், இங்கே நான் என்ன செய்கிறேன் என்று தோன்ற, நிகழ்ச்சியைப் பாதியில் விட்டு இறங்கிப் போனார். பெர்க்லியில் சில காலம் ஒதுங்கி வாழ்ந்தார். திரும்பி வந்தபோது தன் தெருவின் குடிகாரர்களையும் சூதாடிகளையும் பாட்டியையும் தன் பயங்களையும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

1979-ல் வெளியான 'லைவ் இன் கான்சர்ட்' படத்தை, ஸ்டாண்ட்-அப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். தனக்கு வந்த மாரடைப்பை அவர் நடித்துக் காட்டும் இடம் இருக்கிறது. இதயமே ஒரு முரட்டு ஆளாக மாறி அவரை மிரட்டுகிறது. அவர் தரையில் சாய்ந்து கெஞ்சுகிறார். மரண பயத்தைச் சொல்லி ஓர் அரங்கையே உலுக்குகிற அந்தச் சில நிமிடங்களில் ஜோக் என்று தனியாக எடுத்துக்காட்ட எதுவும் இருக்காது. முழு உடலும் பேசுகிறது. 1980 ஜூனில் போதைப் பழக்கத்தின் உச்சத்தில் உடலில் தீப்பற்றி உயிருக்குப் போராடினார். 1982-ல் வந்த படத்தில் அதையும் பேசினார். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஜோக்கைக்கூடத் தானே சொல்லிக் காட்டினார். 1998-ல் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வெய்ன் விருது தொடங்கப்பட்டபோது முதல் விருது அவருக்குத்தான் போனது.

கூலி கேட்ட கோமாளிகள்

லாஸ் ஏஞ்சலீஸின் சன்செட் சாலையில் 1972-ல் தொடங்கியது 'காமெடி ஸ்டோர்' கிளப். அதே ஆண்டில்தான் ஜானி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி 'டுநைட் ஷோ' நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு இடம் மாறியது. கார்சன் ஒருவரை அழைத்துவிட்டால் அவருடைய வாழ்க்கை மாறும். ஆகவே நாடெங்கிலும் இருந்து இளைஞர்கள் அங்கே குவிந்தார்கள். டேவிட் லெட்டர்மேன், ஜே லெனோ போன்றவர்கள் அப்படி வந்தவர்கள். காரிலும் நண்பர் வீட்டுத் தரையிலும் படுத்து எழுந்து, இரவு 15 நிமிட மேடைக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம்.

கிளப்பை நடத்திய மிட்ஸி ஷோர் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. இது ஒரு கல்லூரி, கற்க வருகிறவர்களுக்குக் கூலி எதற்கு என்பது அவருடைய வாதம். அதில் பாதி உண்மை. இளம் கலைஞர்கள் தோற்றுப் பழக அவர் இடம் கொடுத்தார். பெண் கலைஞர்களுக்கென்று மாடியில் ஓர் அறையே ஒதுக்கினார். ஆனால் மது பரிமாறியவருக்கும் கார் நிறுத்தியவருக்கும் சம்பளம் உண்டு. எவருக்காகக் கூட்டம் டிக்கெட் வாங்கி வந்ததோ அவருக்கு இல்லை. கிளப்பில் பெரிய அரங்கு திறந்து, கூட்டம் நிரம்பி வழிந்த பிறகும் நிலைமை மாறாதபோது பொறுமை போயிற்று.

1979 வசந்தத்தில் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டாம் டிரீசன் முன்னின்றார். லெட்டர்மேனும் லெனோவும் பதாகை ஏந்தினார்கள். ஆறு வாரப் போராட்டத்துக்குப் பின் ஒரு முறை மேடையேறினால் 25 டாலர் என்று ஒப்பந்தமானது. தொகை சிறியது. ஆனால் இது வேலை, இதற்குக் கூலி உண்டு என்பதை அந்த 25 டாலர் நிலைநாட்டியது.

போராட்டத்தில் நின்ற சிலர், அதன்பின் தங்களுக்கு வாய்ப்புகள் குறைக்கப்பட்டதாகக் கருதினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டீவ் லுபெட்கின். தனக்கு இனி மேடை இல்லை என்று மனம் உடைந்தவர், 1979 ஜூன் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச் சென்ற குறிப்பில், தான் காமெடி ஸ்டோரில் வேலை செய்தவன் என்பதை எழுதியிருந்தார். மேடையை ஒருவர் கைக்குள் வைத்திருக்கும்போது, அதை நம்பி வாழ்கிறவர்களின் உயிரும் அவர் கையில்தான் இருக்கிறது. இதை எந்த அரங்க உரிமையாளரும் மறக்கக் கூடாது.

மேடையில் சொன்னதும் கோர்ட்டில் படித்ததும்

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் லென்னி புரூஸ் மதத்தையும் இனவெறியையும் பாலுறவையும் பற்றி அறுபதுகளிலேயே வெளிப்படையாகப் பேசியவர். 1964-ல் நியூயார்க்கில் ஆபாச வழக்கு. அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்த அரசு ஆய்வாளர் கூண்டில் நின்று அந்த ஜோக்குகளைப் படித்தார். தன் சரக்கை இன்னொருவர் கெடுத்துச் சொல்ல, அதற்காகத் தான் சிறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று புரூஸ் கொதித்தார். நியாயமான கொதிப்பு. குரல், முகம், நிறுத்தம், எதிரே இருந்த கூட்டம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு வெறும் சொற்களைக் கூண்டில் ஏற்றினால் எந்த ஜோக்கும் குற்றம்போலத்தான் தெரியும். நான்கு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடியும் முன்பே 1966-ல், 40 வயதில் இறந்தார். 2003-ல் நியூயார்க் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்த மாநில வரலாற்றில் இறந்தவருக்குத் தரப்பட்ட முதல் மன்னிப்பு அதுதான்.

இந்தியாவில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதானார். குற்றம்சாட்டப்பட்ட ஜோக்குகளை அன்றைய மேடையில் சொல்லவே இல்லை என்று அவர் தரப்பு சொன்னது. உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்து வெளியே வரும்போது 37 நாட்கள் கழிந்திருந்தன. 2025 மார்ச்சில், இன்னொரு கலைஞரான குணால் கம்ரா மகாராஷ்டிர அரசியலைப் பற்றிப் பாடிய பாட்டுக்காக, அவர் நிகழ்ச்சி நடத்திய மும்பை 'ஹாபிடாட்' அரங்கையே அடித்து நொறுக்கினார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர் என்ற முறையில் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்கால முன்ஜாமீன் பெற்றார். கம்ராவுக்கு நீதிமன்றம் கிடைத்தது. ஹாபிடாட்டோ நாடு முழுவதிலும் இருந்து வந்த இளைஞர்கள் முதல் ஐந்து நிமிடத்தைச் சோதித்த இடம். கோபம் யார் மீது இருந்தாலும், அடி விழுந்தது அந்தச் சின்ன மேடையில்.

நம்ம ஊர்

தனியொருவர் நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பது தமிழருக்குப் புதிதல்ல. தெருக்கூத்தின் கட்டியக்காரன் கதைக்குள் இருந்தபடியே கூட்டத்தோடு பேசி, ராஜாவையும் கிண்டல் செய்வான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். பட்டிமன்ற மேடைகள் நமக்குப் பழக்கம். விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' சிவகார்த்திகேயன் முதல் பலரை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. இன்று ஸ்டாண்ட்-அப் என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் தொடங்கிச் சென்னையிலும் பெங்களூரிலும் மெல்லத் தமிழுக்கு வந்தது. மென்பொருள் வேலையிலிருந்து வந்த அலெக்ஸாண்டர் பாபு, திரைப்பாடல்களைப் பாடியும் பேசியும் நடத்திய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் அமேசான் பிரைமில் வந்து, பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து பார்க்கும் ஸ்டாண்ட்-அப் சாத்தியம் என்று காட்டியது. 2020-ல் தமிழுக்கென்றே 'காமிக்ஸ்தான்' போட்டி வந்தது.

இன்றைய சிக்கல் வேறு. ரீல்ஸில் எழுதிய ஜோக்கைப் போட்டால் அது செலவாகிவிடும். அதனால் பலரும் பார்வையாளரோடு பேசும் துண்டுகளைப் போடுகிறார்கள். பெயர் என்ன, என்ன வேலை, கல்யாணம் ஆச்சா என்று கேட்டு அங்கேயே கலாய்ப்பது. அதற்கும் திறமை வேண்டும். ஆனால் அதையே பார்த்துப் பழகியவர்கள், தங்களிடமும் பேச வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். இரண்டு ஆண்டு செதுக்கியதைக் கேட்கும் பொறுமை குறைகிறது. இன்னொன்று கைபேசி. அரைவேக்காட்டு ஜோக்கை யாரோ படம்பிடித்து மறுநாள் பரப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், மேடையில் யாரும் எதையும் புதிதாக முயல மாட்டார்கள். அமெரிக்கக் கலைஞர்கள் கிறிஸ் ராக், டேவ் சப்பெல் நிகழ்ச்சிகளில் கைபேசியைப் பையில் பூட்டித் தருவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு காபிக் கடையிலோ சின்ன அரங்கிலோ ஓப்பன் மைக் நடந்தால், போய் முன்வரிசையில் உட்காருங்கள். டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள், கைபேசியை அணைத்து வையுங்கள். மேடையில் நிற்கும் பெண்ணின் முதல் ஜோக் விழவில்லை என்றால் இரண்டாவதுவரை இருங்கள்.